அழைப்புமணியைத் தொடாதவர்

‘போனார். கேட் திறக்கவில்லை. திரும்பினார்.’

எங்கள் சபையின் நிகழ்வுக் குறிப்பேட்டில், குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது. பொருளாளர் அது புதன்கிழமை என்கிறார். போனவர் திரும்பி வந்து தகவல் சொன்னபோது நான் சபை அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமைகளில் அந்த அறை பெண்கள் ஜெபத்துக்குப் போய்விடும். எனவே செவ்வாயே சரி. அதே மூன்று வாக்கியங்கள் அந்த ஆண்டுக் குறிப்பேட்டில் வேறு பல நாள்களுக்கு நேராகவும் இருக்கின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கே சலித்துப்போய் ‘மேற்படி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த மேற்படி ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. மரியாதை காரணம் அல்ல. ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், அவர் கொடுத்த குடும்ப அட்டை நகலில் வேறொரு பெயர். இது எங்களில் பலருக்கும் உள்ளதுதான்; கேட்டால் காரணம் சொல்வார்கள். இரண்டையும் காட்டிக் கேட்டபோது, “எதச் சொல்லிக் கூப்ட்டாலும் திரும்புவேன்” என்றார் இவர். எது சரி என்று தெரியாததை எழுதுவது என் வழக்கமில்லை. சபையில் எல்லாரும் அண்ணே என்றே அழைத்தோம், அவரைவிட மூத்தவர்கள் உட்பட.

ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது, கிறிஸ்துமஸ் கேரல் பவனி முடிந்த மறுநாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி இறங்கி வந்து, கேட்டுக்கு வெளியே ஒருவர் வெகுநேரமாக நிற்கிறார், பார்வையே சரியில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். ஒல்லியான, கறுத்த மனிதர். தேய்த்த அரைக்கைச் சட்டை, வேட்டி, அக்குளில் ஒரு குடை. அழைப்புமணியின் பொத்தான் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

என் மனைவி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: “அந்த பெல்லத் தொட்டா ஷாக்கா அடிக்கும்?”

“நீங்க வேலையா இருந்தா அப்படியே போயிருப்பேன்ம்மா.”

“வேலையாத்தான் இருந்தேன்” என்றாள் அவள்.

எங்கள் சபையில் சேர வந்திருந்தார். காபி குடித்தார். முன்பு எங்கே இருந்தார் என்று கேட்டேன். கம்பியோடு சம்பந்தப்பட்ட வேலை என்றார். மின்வாரியமா என்றேன். அதுவும்தான் என்றார். பிற்பாடு பாஸ்டரிடம் வெளிநாட்டில் வேலை பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நான் இரண்டையும் குறித்து வைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறியை இன்றுவரை அழிக்கவில்லை.

எங்கள் சபை சிறியது. தனியாக எதையும் பெரிதாகச் செய்ய இயலாது என்பதால், வேறு சபைகளோடும் ஊழிய அமைப்புகளோடும் சேர்ந்து வேலை செய்வதற்கென்று கூட்டு ஊழியக் குழு ஒன்றை அமைத்தோம். பொருளாளர் அதைப் பங்காளிக் கமிட்டி என்பார். பங்காளி என்றாலே சண்டைதான் மாப்ள என்று என்னிடம் கண்ணடிப்பார். அவர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். எதையும் சோதித்துப் பார்த்தே வாங்குவார். அந்தக் குழுவுக்கு அண்ணேயை யார் முன்மொழிந்தார்கள் என்பது பதிவாகவில்லை. செயலாளன் என்ற முறையில் அது என் கையில் விட்டுப்போன ஒன்று.

ஒரு ஊழியத்தோடு சேரலாமா கூடாதா என்று தெரியவேண்டுமானால், அவர் அவர்கள் வாசலில் போய் நிற்பார். முன்கூட்டித் தகவல் சொல்லமாட்டார். மணியை அடிக்கமாட்டார், கதவைத் தட்டமாட்டார், ‘ஐயா’ என்று ஒரு குரல்கூடக் கொடுக்கமாட்டார். உதட்டுக்குள்ளேயே ஒரு ஞானப்பாட்டு, அதன் கடைசிச் சரணம்வரை. அது முடிவதற்குள் யாராவது தாமாக வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டால் உள்ளே போவார். வராவிட்டால் குடையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

“சித்தம் இருந்தா ஆள் வரும். இல்லாட்டி நம்ம எதுக்கு இழுக்கணும்?” என்பார்.

ஊர்க்கோடியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தோடு எங்களுக்கு உறவு ஏற்பட்டது இப்படித்தான். காவலுக்கு இருந்தவர் பரிதாபப்பட்டு நாற்காலி கொண்டுவந்து போட, அதைப் பார்த்து யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து இல்லத்துத் தலைவியே ஓடி வந்திருக்கிறார். இன்றும் மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பாடுகிறோம். ஆனால் நகரத்தில் எல்லாரும் அறிந்த ஓர் ஊழியம், எங்களைப்போன்றவர்களோடு சேர விருப்பம் என்று அவர்களே சொல்லி அனுப்பியிருந்த ஊழியம், இவர் போய் நின்ற அன்று யாரும் எட்டிப் பார்க்காததால் கைவிட்டுப் போயிற்று. குழுவில் வந்து, கேட் திறக்கவில்லை, ஸ்தோத்திரம் என்றார். அந்த ஸ்தோத்திரத்தையாவது வீணாக்காமல் வைத்திருக்கலாம் என்றார் பொருளாளர்.

நான் கொஞ்சம் சரித்திரம் படித்தவன். தேவ சித்தம் என்று சொல்லிச் செய்தவற்றில் பெரும்பங்கு, சொன்னவரின் சித்தம்தான் என்பது என் வாசிப்பு. இவரோ எந்த முடிவையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதில்லை. பிழையானால் குற்றம் சொல்ல ஆளில்லை. சரியானால் புகழ் வாங்கவும் ஆளில்லை. இரண்டாவது என்னை இன்னும் உறுத்தியது. குழுவாகப் படம் எடுக்கும்போதெல்லாம் அவர் செருப்பு மாட்டப் போயிருப்பார். புகழ் வேண்டாதவனுக்கு வேறு ஏதோ வேண்டும் என்று நினைப்பவன் நான்.

குறிப்பேட்டில் மேற்படி மேற்படி என்று வரும் கேட், வாடிப்பட்டியைத் தாண்டிக் கால்வாய்க்கரையில் இருக்கும் ஒரு சிற்றூரில் இருந்தது. கேட் என்பது மரியாதைக்குச் சொல்வது. முள்வேலியில் தகரம் அடித்த ஒரு படல். அந்த வீட்டில் இருந்தவரை ஊரில் பாஸ்டரம்மா என்றார்கள். அங்கேயிருந்த சின்னச் சபைக்குப் போதகராக இருந்த கணவர் இறந்துவிட்டார். பாஸ்டரம்மா பகலில் தேங்காய் உரிக்கும் களத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆராதனை நடத்தினார்.

தாழ்வாரத்தில் நடத்தியதற்குக் காரணம் இருந்தது. கணவர் காலத்தில் நகரத்து ஊழிய நிறுவனம் ஒன்று அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. ஜெபவீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தது, தன் பெயர்ப்பலகையையும் மாட்டியது. அவர் இறந்ததும் தங்கள் ஆள் ஒருவரைப் போதகராக அனுப்பினார்கள். சபையார் மறுத்தார்கள். ஒருநாள் ஜெபவீட்டின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கூரை போட்டதும் பூட்டியதும் ஒரே ஆள்தான். வெள்ளைச் சட்டையில் ஜீப்பில் வருபவர். அதன்பின் டவுனிலிருந்து யார் வந்தாலும் அந்த ஊரில் கதவு தானாகத் திறப்பதில்லை.

அதனால் அவர்கள் இழந்தது கட்டடம் மட்டுமல்ல. பாஸ்டரம்மா ஜெபிப்பார், பிரசங்கம்கூடச் செய்வார். ஆனால் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் அபிஷேகம் பெற்ற போதகர் கையால்தான் வாங்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கணவர் அடக்கமானதிலிருந்து அந்த ஊரில் யாரும் திருவிருந்து எடுக்கவில்லை. போதகர் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு டவுன் சபையோடு சேரவேண்டும். சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பூட்டு தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பாஸ்டர் மாதம் ஒருமுறை போய்க் கொடுக்கத் தயாராக இருந்தார். உள்ளதைச் சொன்னால், ஆண்டறிக்கையில் ‘கிளைச் சபை’ என்று ஒரு வரி சேர்க்கவும் தயாராக இருந்தார்.

ஒருமுறை நானும் அண்ணேயோடு கூடப் போனேன். அவர் உண்மையிலேயே அங்கே போகிறாரா என்று பார்க்கத்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, வாடிப்பட்டியில் இறங்கி, கால்வாய்க்கரையில் நடந்தோம். படலுக்கு வெளியே நின்றார். நான் சற்றுத் தள்ளிப் பூவரச நிழலில் நின்றேன். ஒரு செவலை நாய் உள்ளேயிருந்து குரைத்துக்கொண்டே வந்து, ஆளைப் பார்த்ததும் நிறுத்தி, படலுக்குக் கீழே நுழைந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. அது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. எங்களைப் பார்த்தது. ஜன்னல் மூடிக்கொண்டது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது. “வாங்க, போவோம்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு குரல் குடுத்தா என்னண்ணே? அந்தம்மா நம்மளப் பாத்துருச்சு. நம்மளும் பாத்துட்டோம்.”

“குரல் குடுத்தா திறந்துரும்.”

“அதுக்குத்தான வந்தோம்?”

“வாசல்ல வந்து கூப்ட்ட ஆளப் போன்னு நம்ம பக்கத்துல யாரு சொல்லுவா? உள்ள வாங்கன்னு சொல்லும், மோரு குடுக்கும், நம்ம கேக்குறதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டும். வேண்டாம்னு சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி வேணுமில்ல? கதவத் திறக்காம இருக்கது ஒண்ணுதான் அதுக்கிட்ட மிச்சம் இருக்கு. அதையும் நம்ம புடுங்கிட்டா, அப்புறம் அவரு என்ன நினைக்காருன்னு எப்படித் தெரியும்?”

‘அவரு’ என்றபோது அண்ணே மேலே கை காட்டவில்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறார் என்பது தெரிந்தது.

இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடியவர் இதுவரை ஏன் பேசவில்லை என்று என் மனம் வேறு பக்கம் போயிற்று. கூப்பிடுகிறவனுக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடலாம், கூப்பிடாமல் வந்து வந்து நிற்பவனை என்ன செய்வது, அதுவும் ஒரு நெருக்கடிதானே என்று கேட்டேன். வாடிப்பட்டி வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. “அதுவும் உண்டு” என்றார்.

ஈஸ்டர் கழிந்ததும் குழுவின் பொறுமை தீர்ந்தது. பாஸ்டர், பொருளாளர், நான், அண்ணே என்று நால்வரும் ஒரு காரில் போனோம். அவர் வழக்கம்போல் படலுக்கு வெளியே நின்று முணுமுணுக்கத் தொடங்கினார். முதல் சரணம் முடிந்திருக்குமோ என்னவோ, பொருளாளர் படலைப் பிடித்து ஆட்டினார். “அம்மா, நாங்க ஆனையூருலருந்து வாரோம். வெயிலு தாங்கல.”

கதவு உடனே திறந்தது. பாய் விரிந்தது. மோர் வந்தது. பாஸ்டரம்மா நாற்பது வயது மதிக்கத்தக்கவர். தலையில் முக்காடு, தேங்காய் மட்டை கிழித்த தழும்புகள் கையில். பாஸ்டர் திட்டத்தை விளக்கினார். சரிங்கய்யா என்றார் பாஸ்டரம்மா. அடுத்த ஞாயிறு திருவிருந்தோடு ஆரம்பிக்கலாமா என்று பாஸ்டர் கேட்டார். சரிங்கய்யா. எங்கள் சபையின் கிளையாக என்று பாஸ்டர் சொன்னபோதும் அதே சரிங்கய்யா. பொருளாளர் என் தொடையில் தட்டினார். நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன்.

அண்ணே மட்டும் உள்ளே வரவில்லை. பாஸ்டரம்மாவே எழுந்து போய்க் கூப்பிட்டும், “இருக்கட்டும்மா, நாய் தனியா இருக்கு” என்று சொல்லிவிட்டார். காரில் ஏறியதும் பொருளாளர் திரும்பி, “என்னண்ணே, கதவு திறந்துச்சா இல்லையா?” என்றார். நாம திறந்தோம் என்றார் அவர். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வெள்ளை அங்கியோடும் திருவிருந்துப் பாத்திரங்களோடும் போனார். நானும் பொருளாளரும் கூடப் போனோம். படல் திறந்திருந்தது, வீடு பூட்டியிருந்தது. தாழ்வாரத்தில் எங்களுக்காக ஒரு பாய் விரித்திருந்தது. பக்கத்தில் மூடிய குடத்தில் தண்ணீர், அதன்மேல் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். தெருவில் ஒரு ஆளும் இல்லை. எல்லாரும் எங்கே போயிருப்பார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தோம். பாஸ்டர் அப்பத்தை மறுபடி துணியில் சுற்றினார்.

நடந்ததை அண்ணேயிடம் சொன்னேன். நாங்கள் எல்லாம் படித்து, அலுவலகம் போய், பல ஊர் பார்த்தவர்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லும் ‘சரி’யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். நான்தான் அன்றே சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டார்.

“குடிச்சோம்.”

“அப்ப கோவம் இல்ல. மறுபடி நிக்கலாம்” என்றார்.

மறுபடி மேற்படிகள். அந்த நாள்களில்தான் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர். அவர் முகம் அந்த நிறுவனத்தின் சுவரொட்டிகளில் பார்த்து எனக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்களா, வெறுமனே டீ குடித்தார்களா என்று நான் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. பெஞ்சில் இடமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியர்கள்போல அவர்கள் இருக்கவில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மறுநாள் நேரடியாகக் கேட்டேன். டீ குடிச்சோம் என்றார். என்ன பேசினீர்கள் என்றேன். “ஆத்திக் குடுக்கச் சொன்னாரு” என்று சிரித்தார். பூட்டுப் போட்டவரோடு என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. பொருளாளருக்கு நன்றாகவே புரிந்தது: “மாப்ள, இது புரோக்கர். நம்மள வச்சு அந்தம்மாவ மடக்கி, மொத்தமா அவங்க கையில குடுக்குற ஏற்பாடு. வாசல்ல நிக்கிறது எம்புட்டு நாளா நடக்கு, இப்ப விளங்குதா?”

எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதை மறுக்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது பற்றிக் குழு கூடியது. அவருக்கு அழைப்பு அனுப்பவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததால் அறைக் கதவைச் சாத்தியிருந்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. முடிந்து கதவைத் திறந்தபோது, நடைபாதையில் மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் நின்றுகொண்டிருந்தார்.

பாஸ்டர் தடுமாறி, “எப்பண்ணே வந்தீங்க? உள்ள வந்திருக்கலாமே” என்றார்.

“பாட்டு முடிஞ்சிருச்சு பாஸ்டர்” என்றார் அவர்.

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை ஆனையூரில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. அவர் கொடுத்திருந்த முகவரியில் வேறொரு குடும்பம் இருந்தது. அவரிடம் இருந்த பழைய போன், வருவதை எடுக்க மட்டுமே பயன்பட்டது. இப்போது அதுவும் எடுக்கப்படவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சபையைப் பூட்ட வந்தேன். கேட்டுக்கு வெளியே முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். கேட் பூட்டியிருக்கவில்லை, தள்ளினால் திறக்கும். பாஸ்டரம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. திறந்துவிட்டு, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

“சும்மாதான் நின்னேங்கய்யா. திறந்தா பேசுவோம், இல்லாட்டி பஸ் இருக்கு” என்றார். பிறகு, “அண்ணே இல்லையா?” என்றார்.

இப்போது வருவதில்லை என்றேன்.

“எங்க பக்கமும் காணோம். நாய்தான் படலுக்கிட்டயே கிடக்கு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியைக் காட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். பலகையையும் அவரே ஆள் வைத்துக் கழற்றி எடுத்துக்கொண்டாராம். ஏனென்று கேட்டதற்கு, உங்களுதுதானே என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“இது எங்கிட்டதான் இருக்கும்” என்றார் பாஸ்டரம்மா. “பலகை கிலகை வேண்டாம். பாஸ்டர் விருந்தாளியா வரட்டும், எங்களோட பாயில உக்காரட்டும், அப்பம் குடுக்கட்டும், சாப்ட்டுட்டுப் போகட்டும். கிளைன்னு எழுதப்படாது. இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க. இல்லைன்னாலும் வாயத் திறந்து சொல்லிருங்க. தலையாட்டிட்டு அப்புறம் மாத்தப்படாது.”

குழு ஒப்புக்கொண்டது. ஆண்டறிக்கைக்காக எழுதி வைத்திருந்த வரியைப் பாஸ்டரே அடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு அந்த ஜெபவீட்டில் திருவிருந்து நடந்தது. வாசலுக்கு மேலே பலகை இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பாஸ்டர் பாயில் உட்கார்ந்திருந்தார். அப்பத்தைக் கொடுக்க மட்டும் எழுந்தார். எல்லாரும் வாங்கும்வரை பாஸ்டரம்மா சுவரோரம் நின்றார். கடைசியாக வந்து, தழும்பேறிய இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். வாங்கிக்கொண்டு அவர் உடனே சாப்பிடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். கால்வாய்க்கரையில் யாரும் நிற்கவில்லை. பொருளாளர் என் காதருகில், “மாப்ள, அந்தாளுக்குச் சொல்லணுமேடா” என்றார்.

குறிப்பேட்டில் அந்த உறவு ஏற்பட்ட விதத்தை எழுதவேண்டியிருந்ததால், சாவி எப்படித் திரும்பியது என்று விசாரிக்க அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். அவர் இடத்தில் இருந்தவருக்குப் பூட்டும் தெரியவில்லை, சாவியும் தெரியவில்லை. வெளியே வரும்போது காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே யாராவது வந்து சும்மா நிற்பதுண்டா என்று கேட்டேன்.

“ஒருத்தர் வந்து நிப்பாரு சார். பெல்லு இருக்குன்னு காட்டுனேன். தெரியும்னாரு. பெரிய சார் ஜீப்பு வெளிய வரும், உள்ள போகும். இவரு பாட்டுக்கு நின்னுட்டுப் போயிருவாரு. ஒருநா பெரிய சாரே ஜீப்ப நிறுத்தி ஏத்திக்கிட்டாரு.”

எப்போது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலத்துக்கு முன்பா பின்பா என்பதும் நினைவில்லை. கையில் குடை இருந்ததா என்றேன். குடையைப் பார்த்த ஞாபகம் இல்லை என்றார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார் என்றார், அதில் மட்டும் உறுதியாக இருந்தார். எங்கள் அண்ணே கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. என் மனைவியும் பார்த்ததில்லை.

எனவே, அங்கே நின்றவர் இவர்தானா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.